ஆந்தை முகம் போட்ட ரிவால்வர்

"ஏண்டி, இதை விற்றால் ஒரு பட்டுப் புடவையாவது தேறுமா?"

நான் படுக்கையை உதறிப் போட்டுக் கொண்டிருந்த நேரத்தில் கடல் கடந்து வந்த கேள்வி இது. கேட்டவள் என் கல்லூரித் தோழி. கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். சென்ற வருஷம் அவளும் அவள் கணவரும் கழுத்து மட்டும் கடன் வாங்கி ஒரு பழைய மர வீட்டை விலைக்கு வாங்கினார்கள். அந்த வீட்டில் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து மறைந்த ஒரு கிழவியின் தட்டுமுட்டுச் சாமான்களும் வீட்டோடு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, இழுப்பறைகள் வைத்த அலமாரி. அதன் அடி இழுப்பறை மட்டும் திறக்க வராமல் அடம் பிடித்துக் கொண்டிருந்ததாம். அன்று திறந்துவிட்டது.

உள்ளே ஒரு பழைய கம்பளித் துணி. துணிக்குள் ஒரு ரிவால்வர்.

கைபேசியில் படம் அனுப்பியிருந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. நிக்கல் முலாம் அங்கங்கே உரிந்திருந்தது. கறுப்புப் பிடியின் இரண்டு பக்கத்திலும் ஓர் ஆந்தையின் முகம், உருண்டைக் கண்ணை விழித்துக் கொண்டு பார்த்தது.

"அதை யார் முதலில் எடுத்தது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "பையன்தான்" என்றாள்.

ஒன்பது வயதுப் பையன். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, சினிமாக் கதாநாயகனைப் போல் தன் பிம்பத்தைப் பார்த்துக் குறி வைத்துக் கொண்டிருந்தானாம்.

"உள்ளே தோட்டா இருக்கிறதா, பார்த்தாயா?"

"நூறு வருஷத்துச் சாமானில் என்னடி இருக்கப் போகிறது?"

"அதை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, பையனை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, போலீசைக் கூப்பிடு" என்றேன். எனக்குத் துப்பாக்கியைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால், பிறருடைய அசட்டுத் தைரியத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதி எழுதி எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். ரிவால்வரை ஜன்னல் பக்கம் தரையை நோக்கித் திருப்பிப் பிடித்துக் கொண்டு, மேல் பக்கத்திலிருந்த கொக்கியைத் தூக்கினார். துப்பாக்கி நடுவில் மடங்கித் திறந்துகொண்டது. சுழலும் உருளையில் ஐந்து துளைகள். அவற்றில் மூன்றில் தோட்டா இருந்தது. பச்சைக் களிம்பு ஏறிய தோட்டாக்கள்.

"இது வெடித்திருக்குமா?" என்று என் தோழி கேட்டாளாம்.

"வெடிக்காமலும் போயிருக்கலாம், அம்மா" என்றாராம் அவர்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் பட்டுப் புடவையைப் பற்றிப் பேசவில்லை.

* * *

ஆனால் அவள் கணவர் விடவில்லை. 2021-ஆம் வருஷம் ஒரு பழைய ரிவால்வர் ஏலத்தில் அறுபது லட்சம் டாலருக்கு மேல் போயிற்று என்று அவர் எங்கேயோ படித்திருக்கிறார். அது உண்மைதான். 1881-இல் 'பில்லி தி கிட்' என்ற பெயர் பெற்ற கொள்ளைக்காரனைச் சுட்டு வீழ்த்திய பாட் காரெட் என்னும் ஷெரீப்பின் கோல்ட் ரிவால்வர் அது. அப்படியானால் நம் வீட்டு ஆந்தைக்கு எவ்வளவு? வீட்டுக் கடனில் பாதியாவது தீராதா? மனுஷருக்குத் தூக்கமே இல்லையாம். "நீதான் பத்திரிகையில் இருக்கிறாயே, விசாரித்துச் சொல்" என்று என் தலையில் கட்டிவிட்டாள் தோழி. விசாரித்தேன். நேயர்களே, நகைக்கடையில் கல் பார்க்கிறவர்களைப் போல இதற்கும் ஒரு பார்வை இருக்கிறது.

முதலில் ஒரு வேடிக்கை. இந்த ரிவால்வரின் ஊர் எது என்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. என் தோழி குடியிருக்கும் அந்த வூஸ்டர் வட்டாரம்தான்! சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, அப்படி அந்த வட்டாரத்துக்கு மலிவு விலைக் கைத்துப்பாக்கி.

ரிவால்வருக்கு 1836-இல் காப்புரிமை வாங்கினவர் சாமுவேல் கோல்ட். பிற்பாடு, உலோகத் தோட்டாவைப் பின்பக்கத்திலிருந்து போடுவதற்குத் தோதாக உருளையை முழுக்கத் துளைப்பது என்ற யோசனைக்கு 1855-இல் ராலின் வைட் என்பவர் காப்புரிமை பெற்றார். அதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கைக்குள் போட்டுக் கொண்டு, ரிவால்வர் ஒன்றுக்குக் கால் டாலர் வீதம் அவருக்குக் கொடுத்து வந்தது. 1869-இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. அணை உடைந்த மாதிரி ஆயிற்று. பட்டறை வைத்திருந்தவர்களெல்லாம் ரிவால்வர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

வூஸ்டரில் ஈதன் ஆலன் என்ற துப்பாக்கித் தொழிலதிபர் 1871-இல் காலமானார். அவருடைய மாப்பிள்ளைகள் இருவரும் சேர்ந்து தொழிலை நடத்தினார்கள். அதுதான் போர்ஹாண்ட் அண்ட் வாட்ஸ்வொர்த். ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்ஸன் என்பது இன்னொரு வூஸ்டர் கம்பெனி. அது 1986 வரை நடந்தது. மூன்றாவது, நார்வே தேசத்திலிருந்து பிழைக்க வந்த ஐவர் ஜான்ஸன் என்பவருடையது. அவர் 1871-இல் வூஸ்டரில் கூட்டாளி ஒருவரோடு தொடங்கி, 1891-இல் சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள பிட்ச்பர்க் என்ற ஊருக்குத் தொழிற்சாலையை மாற்றிக் கொண்டார். சைக்கிளும் செய்தார், துப்பாக்கியும் செய்தார். ஆந்தை அவருடைய கம்பெனி முத்திரை.

* * *

இந்த மலிவு ரிவால்வர்களில் இரண்டு ஜாதி உண்டு.

முதல் ஜாதியில் விசையைச் சுற்றிக் காப்பு வளையம் இருக்காது. விசை ஒரு சிறு முளை போல அடியில் நீட்டிக் கொண்டிருக்கும். உடல் ஒரே வார்ப்பு, மடங்கித் திறக்காது. 1870 முதல் சுமார் இருபது வருஷ காலம் இவை கொள்ளை கொள்ளையாக விற்றன. பலவற்றில் செய்தவர் பெயரே இருக்காது. அதற்குப் பதிலாகக் குழலின்மேல் வீராவேசமாக ஒரு பட்டப்பெயர் பொறித்திருக்கும். 'காவலன்' என்று ஒன்று, 'சர்வாதிகாரி' என்று ஒன்று, 'நாடோடிகளின் எமன்' என்று இன்னொன்று! இரண்டு டாலருக்கும் குறைந்த சாமானுக்கு இவ்வளவு மிடுக்கு. பிற்காலத்தில், 1948-இல், ஒரு கட்டுரையாளர் இந்த ஜாதிக்கே 'தற்கொலை ஸ்பெஷல்' என்று கேலிப் பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டாவது ஜாதிதான் என் தோழி வீட்டில் அகப்பட்டது. மேலே கொக்கியைத் தூக்கினால் நடுவில் மடங்கும். நட்சத்திர வடிவமான ஒரு தகடு எழும்பிக் காலித் தோட்டாக்களை ஒரே தடவையில் வெளியே தள்ளும். விசைக்குக் காப்பு வளையம் உண்டு. 32 அல்லது 38 என்று இதன் அளவைச் சொல்வார்கள். குழலின் துவாரம் ஓர் அங்குலத்தை நூறாகப் பங்கிட்டதில் ஏறக்குறைய அத்தனை பங்கு என்று அர்த்தம்.

சரி, வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தோழியின் கணவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, 86, 87, 93, 96 என்று சில தேதிகள் பொறித்திருப்பது தெரிந்தது. "1886! அப்படியென்றால் நூற்றிருபது வருஷத்துக்கு மேல்!" என்று குதித்தார். எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். அவை துப்பாக்கி பிறந்த தேதிகள் அல்ல. அதிலுள்ள பல்வேறு அமைப்புகளுக்குக் காப்புரிமை கிடைத்த தேதிகள். அவற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்ளக் கூடியது ஒன்றே ஒன்றுதான். கடைசித் தேதிக்கு முன்னால் அந்தத் துப்பாக்கி பிறந்திருக்க முடியாது. 96 என்று இருப்பதால் அது 1896-க்குப் பிற்பட்டது. எத்தனை வருஷம் பிற்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி பிடிக்குள் ஒளிந்திருக்கிறது. பிடியில் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றி ஆந்தையை எடுத்து வைத்தால் உள்ளே சுத்திக்குச் சக்தி தரும் வில் தெரியும். ஐவர் ஜான்ஸனின் இந்த ரகம் 1894-இல் வெளிவந்தது. முதல் இரண்டு மாதிரிகளில் வில், தட்டையான பட்டைத் தகடு. 1909 முதல் வந்த மூன்றாவது மாதிரியில் சுருள் கம்பி.

இதில் விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. முதல் இரண்டு மாதிரிகளும் பழைய கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. பின்னால் வந்த புகையில்லா மருந்து, அழுத்தம் அதிகமானது. மூன்றாவது மாதிரியை அதற்குத் தாங்கும்படி பலமாகச் செய்தார்கள். ஆனால் இன்று கடையில் விற்கிற தோட்டா இரண்டிலும் ஒழுங்காக நுழையும்! நுழைகிறதே என்று பழையதில் போட்டுச் சுட்டால், உருளை பிளந்து சுட்டவர் கைக்கே ஆபத்து வரலாம். துளைக்குள் நுழைவதெல்லாம் துப்பாக்கிக்குப் பொருந்துவது ஆகாது.

வயதுக்கு இன்னொரு முக்கியமும் உண்டு. அமெரிக்காவில் 1968-இல் வந்த துப்பாக்கிச் சட்டம், 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் என்று தனியாக ஒதுக்கி வைக்கிறது. 1899-இல் பிறந்தது துப்பாக்கி. 1898-இல் பிறந்தது பழம்பொருள். ஒரு வருஷ வித்தியாசத்தில் சட்டமும் மாறும், விலையும் கொஞ்சம் மாறும்.

* * *

அப்புறம் நிலைமை. நிக்கல் முலாம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பிடி உடைந்திருக்கிறதா, கொக்கி ஆடுகிறதா, எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள். விற்றபோது வந்த அட்டைப் பெட்டி இருந்தால் விசேஷம்.

இங்கே நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு சங்கடம். பழைய சாமான் என்றால் நமக்குக் கை சும்மா இருக்காது. வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைப்போம். துப்பாக்கியில் அதைச் செய்தால் பாதி விலை போயிற்று! புதிதாக முலாம் பூசினால் இன்னும் மோசம். முலாம் பூசுமுன் தேய்ப்பதில் எழுத்துகளின் ஓரம் மழுங்கிவிடும். தெரிந்தவர்கள் அதைப் பார்த்தவுடனேயே உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். கறுத்ததெல்லாம் கறுத்தபடியே இருக்க வேண்டும். அதுதான் அதன் மரியாதை.

எல்லாம் சரி, என்னதான் விலை?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. எது நிறைய இருக்கிறதோ அதற்கு விலை இல்லை. சுமாரான நிலையிலிருக்கும் ஆந்தை ரிவால்வர் நூறு டாலரை ஒட்டி ஏறும் இறங்கும். நன்றாக இருந்தால் இன்னொரு நூறு கூடும். பாட் காரெட்டின் துப்பாக்கிக்கு அறுபது லட்சம் கொடுத்தார்களென்றால், இரும்புக்காகக் கொடுக்கவில்லை. எந்தக் கை பிடித்தது என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. அந்த ஆதாரத்துக்குக் கொடுத்தார்கள்.

மலிவு ரிவால்வருக்கும் அப்படிப்பட்ட சரித்திரம் உண்டு. ஆனால் அது சந்தோஷமான சரித்திரம் அல்ல. 1901 செப்டம்பர் 6-ஆம் தேதி, பபலோ நகரத்துக் கண்காட்சியில் ஜனாதிபதி மக்கின்லி பொதுமக்களோடு கைகுலுக்கிக் கொண்டு நின்றார். வரிசையில் வந்த லியான் சோல்காஷ் என்பவன் வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தான். காயம் போலும் என்று எண்ணிவிட்டார்கள். கைக்குட்டைக்குள் இருந்தது 32 அளவுள்ள ஓர் ஐவர் ஜான்ஸன். சில நாட்களுக்கு முன் அதே ஊர்க் கடையில் நாலரை டாலர் கொடுத்து வாங்கியது. எட்டாவது நாள் ஜனாதிபதி உயிர் நீத்தார். அந்த ரிவால்வர் பபலோ சரித்திரக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. 1933-இல் மயாமி நகரத்தில், பதவி ஏற்க இருந்த ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்துச் சுட்டானே ஸங்காரா, அந்த 32-ம் ஐவர் ஜான்ஸன் கம்பெனி வேறு பெயரில் விற்ற மலிவுச் சரக்கு. அடகுக் கடையில் எட்டு டாலருக்கு வாங்கினான். குண்டு சிகாகோ நகர மேயர் ஸெர்மாக்கின் மீது பாய்ந்து, அவர் இறந்தார்.

அவற்றோடு கூடப் பிறந்த லட்சக்கணக்கான ரிவால்வர்களோ யாரையும் சுடவில்லை. அவை இழுப்பறையிலும் தலையணை அடியிலும் காலம் தள்ளின. அங்கே வைத்தால் குழந்தைகள் கையில் அகப்படாதா? இந்தக் கேள்விக்குக் கம்பெனியிடம் ஒரு பதில் இருந்தது. விசையை முழுக்க இழுத்தாலொழிய சுத்தியின் அடி ஊசிக்குப் போய்ச் சேராதபடி ஓர் அமைப்பை உள்ளே வைத்திருந்தார்கள். கீழே விழுந்தாலும், சுத்தியின் தலையில் சம்மட்டியால் அடித்தாலும் வெடிக்காது என்று விளம்பரம் செய்தார்கள். அந்த அமைப்பு நல்ல அமைப்புதான். ஆனால், 1904 வாக்கில் வந்த ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். இரவு உடையணிந்த ஒரு சிறுமி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பொம்மை. கையில் ரிவால்வர்! இது நம்மை ஒன்றும் செய்யாதென்று அப்பா சொல்லியிருக்கிறாராம்.

கீழே விழுந்தால் வெடிக்காது, வாஸ்தவம். ஆனால் குழந்தை அதைக் கீழே போட்டா விளையாடும்? விசையை இழுத்துத்தானே விளையாடும்? கண்ணாடி முன்னால் நின்ற அந்த ஒன்பது வயதுப் பையனைத்தான் நினைத்துக் கொண்டேன்.

* * *

போலீஸ் அதிகாரி ரிவால்வரைத் தம்மோடு எடுத்துப் போய், உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரிடம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். வியாபாரி திருகாணியைக் கழற்றினார். பட்டைத் தகடு வில். இரண்டாவது மாதிரி, 1897-க்கும் 1908-க்கும் இடைப்பட்டது. பிடிக்கு அடியிலிருந்த வரிசை எண்ணையும் ஏதோ ஒரு புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டு, ஆனால் பழம்பொருள் ஆவதற்குச் சில வருஷம் போதவில்லை" என்றாராம். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. தொண்ணூறு டாலருக்கு அவரே எடுத்துக்கொண்டார். வீட்டுக் கடனைத் தீர்க்கப் புறப்பட்டவர் அன்று சாப்பாட்டில் மௌன விரதம்.

"பட்டுப் புடவைக்கு முந்தானைகூட வராது போலிருக்கிறதே" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. "அந்தத் துணியை மட்டும் நான் வைத்துக் கொண்டேன்" என்றாள். ரிவால்வரைச் சுற்றியிருந்த கம்பளித் துணி. கசக்கிப் பிழிந்து உலர்த்தியபோதுதான் தெரிந்ததாம், அது ஒரு குழந்தையின் சட்டையிலிருந்து வெட்டிய துண்டு. ஓரத்தில் நீல நூலால் கையால் போட்ட தையல். கிழவிக்கும் முந்திய யாரோ ஒருத்தி, புருஷன் வீட்டில் இல்லாத ராத்திரிகளில், தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டே பயந்துபோய் வாங்கி வைத்திருப்பாள் என்பது என் தோழியின் அபிப்பிராயம். இருக்கலாம். எந்தக் குழந்தையைக் காப்பாற்றுவதற்காக வாங்கினாளோ தெரியாது. இத்தனை வருஷம் கழித்து இன்னொருத்தியின் குழந்தை கையில் அல்லவா அது வந்து சேர்ந்தது!

நம் ஊர்ப் பழைய வீடுகளிலும், வேட்டைக்குப் போன தாத்தாவின் பெட்டியிலோ, பட்டாளத்திலிருந்து திரும்பிய மாமாவின் டிரங்குப் பெட்டியிலோ இப்படி ஒன்று கிடக்கலாம். அகப்பட்டால் திறந்து பார்க்கவும் வேண்டாம், துடைத்து வைக்கவும் வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். குழந்தைகளை விலக்கிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்புங்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தாத்தாவுடையது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. விலை என்ன என்ற கேள்வி கடைசியில்தான்.

போன வாரம் தோழி மறுபடியும் பேசினாள். தொண்ணூறு டாலரை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"வாசல் படியிலும் பின்கட்டிலும் இரண்டு விளக்குப் போட்டுவிட்டேன்" என்றாள். "ராத்திரி முழுக்க எரிகிறது."